பெயரெச்சம் ஆங்கிலத்தைச் சந்தித்த வரலாறு

செகந்திராபாத் நகருக்கு வடக்கே, திருமலகிரியிலிருந்து ஆல்வால் நோக்கிச் செல்லும் பெருவழியில் அமைந்தது லோத்குண்டா. இவ்வட்டாரத்துக்குத் தமிழரை முதலில் அழைத்து வந்தது படையே எனலாம். 1798ஆம் ஆண்டு நிஜாமுக்கும் ஆங்கிலக் கம்பெனிக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி கம்பெனிப் படை ஹைதராபாத்தில் தங்கிற்று. 1806இல் அதன் பாளையம் மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்திராபாத் எனப்பட்டது. அப்படை சென்னைப் படையைச் சார்ந்தது. ஆதலின் தமிழ் பேசும் சிப்பாய்களும் எழுத்தர்களும் ஏவலரும் வணிகரும் உடன் வந்தனர். வீட்டிலே தமிழ், கடைவீதியிலே உருதும் தெலுங்கும், பாளையத்து ஆணையிலே ஆங்கிலம் என்பது அவர்தம் வாழ்க்கையாயிற்று.

ஆங்கிலத்தில் தமிழரைத் தடுமாறச் செய்வது சொல்லின் அருமையன்று, வாக்கியத்தின் அமைப்பே. 'நேற்று வந்த மனிதர்' என்கிறோம் நாம். வினை முன்னே நிற்கும். பெயர் பின்னே வரும். ஆங்கிலேயரோ 'மனிதர்' என்பதை முதலில் நிறுத்தி, 'ஹூ' என்னும் சொல்லைக் கொக்கியாக மாட்டி, வந்த செய்தியைப் பின்னே தொடுப்பர். நம் 'வந்த' என்னும் சொல்லைத் தொல்காப்பியர் பெயரெச்சம் என்றார். நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை ஆகிய ஆறுவகைப் பெயர்களை அது கொண்டு முடியும் எனவும் வகுத்தார். கொக்கிச் சொல் ஒன்று அவருக்குத் தேவைப்படவில்லை. திருநெல்வேலிச் சீமை இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இதனைத் திராவிட மொழிகளின் சிறப்பியல்புகளுள் ஒன்றாக எடுத்துக்காட்டினார். ஆகவே நம் பிள்ளைகள் 'ஹூ', 'விச்' ஆகியவற்றில் இடறுவது அறிவுக்குறையன்று. ஈராயிரம் ஆண்டுப் பழக்கத்தின் விளைவேயாகும்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. 'பத்தாண்டு பணியாற்றிய தொழிலாளருக்குப் படி வழங்கப்படும்' என்று ஓர் ஆணை வருவதாகக் கொள்வோம். ஆங்கில மூலத்தில் 'ஹூ' என்பதன் முன் காற்புள்ளி இல்லையேல், பத்தாண்டு நிறைந்தவர்க்கு மட்டுமே படி உண்டு. காற்புள்ளி இட்டிருப்பின், தொழிலாளர் அனைவர்க்கும் படி உண்டு. அனைவரும் பத்தாண்டு பணியாற்றியவர் என்பது கூடுதற் செய்தி. தமிழ்ப் பெயரெச்சமோ இரு பொருளையும் ஒரே வடிவில் தாங்கி நிற்கும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம், முன்னதற்கு 'மட்டும்' என்பதைச் சேர்க்கிறோம். பின்னதை இரண்டு வாக்கியமாகப் பிரிக்கிறோம். ஒரு சிறு புள்ளியில் ஒரு குடும்பத்தின் மாத வருவாய் தொங்குகின்றது!

அளவு குறிக்கும் சொற்கள் இக்கொக்கியுடன் சேருங்கால் சிக்கல் இரட்டிக்கும். 'நாற்பதின்மர் விண்ணப்பித்தனர், அவருள் ஒருவரும் தேர்வு பெறவில்லை' என்பது தமிழ் வழக்கு. ஆங்கிலத்தில் இதனை ஒரே வாக்கியமாக்கிக் காற்புள்ளிக்குப்பின் 'நன் ஆஃப் ஹூம்' என்பர். நம்மவரோ அவ்விடத்தில் 'நன் ஆஃப் தெம்' என எழுதிவிடுவர். 'தெம்' என்பது வெறும் சுட்டு. இரு வாக்கியங்களை இணைக்கும் ஆற்றல் அதற்கில்லை. முற்றுப்புள்ளிக்குப் பின்னோ, 'அண்ட்' என்னும் இணைப்புக்குப் பின்னோ 'ஆஃப் தெம்' வரலாம். காற்புள்ளி மட்டும் நின்றால் 'ஆஃப் ஹூம்' வேண்டும். பொருள்களாயின் 'ஆஃப் விச்'. 'ஸம்', 'மோஸ்ட்', 'ஆல்' ஆகியவற்றுக்கும் இதுவே விதி. 'எ ஃப்யூ' என்றால் சிலர் உளர். 'எ' நீங்கி 'ஃப்யூ' என நின்றால், இல்லை என்னுமளவுக்கு மிகச் சிலரே. 'எல்லோரும் வரவில்லை' என்னும் தொடரோ தமிழிலேயே ஐயத்துக்கு இடமானது. ஒருவரும் வரவில்லையா, சிலர் மட்டும் வந்தனரா என்பதை முதலில் தெளிந்து, பின்னரே 'நன்' என்றோ 'நாட் ஆல்' என்றோ எழுதுதல் வேண்டும்.

இனி, ஹைதராபாத் இவ்வரலாற்றில் பெறும் தனியிடத்தைக் காண்போம். உஸ்மானியாப் பல்கலைக்கழகம் 1918இல் உருதுவைப் போதனாமொழியாகக் கொண்டு தோன்றிற்று. அதற்கு வேண்டிய நூல்களைப் பெயர்த்தளிக்க 1917இலேயே மொழிபெயர்ப்பு நிலையம் ஒன்று அமைந்தது. அங்குப் பணியாற்றியோர்க்கு 'ஹூ' பெருந்தடையாக இருந்திராது. உருதுவில் 'ஜோ' என்னும் இணைப்புச் சொல் உண்டு. தமிழுக்கும் தெலுங்குக்கும் அத்துணை இல்லை. ஆயினும் ஒரு விந்தை காண்க. ஹைதராபாத் தெருக்களில் வழங்கும் தக்கணி உருதுவில் 'தும் போலே ஸோ பாத்' என்பர். 'நீ சொன்ன பேச்சு' என்னும் நம் சொல்வரிசையே அது! வடபுலத்திலிருந்து வந்த மொழியும் தெலுங்கு மண்ணில் வேரூன்றியபின் பெயரெச்சப் போக்கைத் தழுவிற்று. வாக்கிய வழக்கம் எத்துணை வலியது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இந்நகரிலேயே 1958இல் மத்திய ஆங்கிலப் போதனா நிலையம் நிறுவப்பெற்றது. கன்னடக் கவிஞர் கோகாக் அதன் தொடக்க ஆண்டுகளில் இயக்குநராக விளங்கினார். இலக்கண விதியை நெட்டுருச் செய்வதினும் வாக்கிய அமைப்புக்களை ஒவ்வொன்றாகப் பழக்குவதே நன்று என்னும் கொள்கை அக்காலத்தில் ஓங்கியிருந்தது. லோத்குண்டாவுக்குத் தெற்கே, தார்நாகாப் பகுதியில் உள்ள அந்நிலையம் 2007 முதல் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமாகத் திகழ்கின்றது.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்ப் பெற்றோர் சிலர், ஆங்கிலம் செம்மையுற வேண்டின் வீட்டில் தமிழைக் குறைத்தல் வேண்டும் எனக் கருதுகின்றனர். வரலாறு வேறு வழி காட்டுகின்றது. 'நேற்று வந்த மனிதர்' என்பதில் வினை எங்கே, பெயர் எங்கே என அறிந்த பிள்ளைக்கு, ஆங்கிலத்தில் அவை இடம் மாறுவதை ஒரே மாலையில் விளக்கிவிடலாம். தாய்மொழியின் அமைப்பை அறியாத பிள்ளைக்கோ எது மாறிற்று என்பதே புலப்படாது. ஆதலின் ஆங்கில இலக்கணப் புத்தகத்தை விரிக்கும் வேளையில், தமிழ் இலக்கணத்தையும் அருகில் வைத்துக்கொள்வோமாக.