பகலில் கடிக்கும் நுளம்பு: நெருக்கமான குடியிருப்புகளில் டெங்கைத் தடுப்பது எப்படி?

இடம்பெயர்ந்து வன்னியில் இருந்த நாட்களில் நுளம்பு என்றால் எங்களுக்கு மலேரியாதான். பொழுதுபட்டதும் அம்மா வேப்பிலைப் புகை போட்டு, எங்களை வலைக்குள் படுக்கவைப்பார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அடுத்த ஆண்டே டெங்கு 1,86,000 இற்கும் அதிகமானோரைத் தாக்கியது. 400 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். யாழ்ப்பாணத்தில் இது வடகீழ்ப் பருவமழையோடு ஆண்டிறுதியில் தலைதூக்கும்.

மலேரியாக் காலத்துப் பாடம் டெங்குக்குப் போதாது. ஈடிஸ் நுளம்பு பகலில், குறிப்பாகக் காலையிலும் பொழுதுசாய முன்னரும் கடிக்கும். பகலில் உறங்கும் குழந்தைக்கும் காய்ச்சல்காரருக்கும் வலை கட்டுங்கள். காய்ச்சல்காரரைக் கடித்த நுளம்பே நோயை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகிறது.

தண்ணீர் சேமிக்கும் வீடுகள்

குழாயில் தண்ணீர் வந்தாலும் அம்மா இன்றும் பரல், வாளி, குடம் எல்லாவற்றையும் நிரப்பி வைப்பார். நாளை கிடைக்குமோ என்று ஏங்கிய காலத்தின் பழக்கம் அது. கொட்டிவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது; கொட்டத் தேவையுமில்லை. இறுக்கமான மூடி போடுங்கள், அல்லது துணியால் மூடிக் கட்டுங்கள். முட்டை நுளம்பாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் எடுக்கும். ஆகவே வாரம் ஒருமுறை பாத்திரத்தின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் அவை அழியாது.

கூரைப் பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பூச்சாடித் தட்டு, பழைய ரயர், சிரட்டை, யோகட் கோப்பை ஆகியவற்றையும் பாருங்கள்.

பூட்டிய வீடுகள்

சுவரோடு சுவர் ஒட்டிய குடியிருப்பில் ஒரு வீடு மட்டும் துப்புரவாக இருந்து பயனில்லை. வெளிநாட்டில் உள்ளவர்களின் பூட்டிய வளவுகளையும் யாராவது பொறுப்பெடுக்க வேண்டும். திறப்பு யாரிடம் உள்ளது என்பதை ஒழுங்கையில் உள்ளவர்கள் அறிந்து, முடியாவிட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். புகையடித்தல் பறக்கும் நுளம்பைக் கொல்லும். தண்ணீரிலுள்ள குடம்பியைக் கொல்லாது.

காய்ச்சல் வந்தால்

பரசிற்றமோல் மட்டும், அளவோடு. அஸ்பிரின், இபுபுரூபன் வேண்டாம். இரத்தக்கசிவை அவை கூட்டக்கூடும். இரண்டு நாள் தாண்டினால் வைத்தியரிடம் போங்கள். காய்ச்சல் விட்டதும் சுகம் என்று நினைக்காதீர்கள். ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும். கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, இரத்தக்கசிவு, சிறுநீர் குறைதல் கண்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.