ஒரு மைலுக்கு எத்தனை சுற்று

1847ஆம் ஆண்டு மே 8ஆம் தேதி, வில்லியம் கிளேட்டன் என்பவர் ஒரு கூண்டு வண்டியின் பக்கத்தில் நடந்தபடி நாள் முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தார். சக்கரத்தின் ஆரக்கால் ஒன்றில் சிவப்புத் துணியைக் கட்டியிருந்தார். துணி மேலே வரும்போதெல்லாம் ஒன்று. இன்றைய நெப்ராஸ்கா மாநிலத்தில், பிளாட் ஆற்றை ஒட்டி மேற்கே போய்க்கொண்டிருந்த மார்மன் சமயத்தாரின் முதல் கூட்டத்தில் அவர் எழுத்தர். அன்றன்று எத்தனை மைல் கடந்தோம் என்று குறித்து வைப்பது அவர் வேலை. கூட்டத்தில் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். கிளேட்டனுக்கு எல்லாரும் கூட்டிச் சொல்வதாகவே பட்டது. ஆகவே சக்கரத்தின் சுற்றளவை அளந்தார்: 14 அடி 8 அங்குலம். ஒரு மைல் 5,280 அடி. வகுத்தால் மிச்சமில்லாமல் 360 சுற்று. அன்று மாலைவரை அவர் எண்ணியது 4,070. அதாவது பதினொன்றேகால் மைலும் இருபது சுற்றும். மற்றவர்கள் பதின்மூன்று, பதினான்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இப்படி நாள்கணக்கில் எண்ண யாருக்கும் பொறுமை இருக்காது. கணிதம் அறிந்த ஆர்சன் பிராட் பல்சக்கரங்களைக் கோத்து ஓர் அமைப்பைச் சொல்ல, ஆப்பிள்டன் ஹார்மன் என்ற தச்சர் மரத்தில் அதைச் செய்து கொடுத்தார். வண்டிச்சக்கரம் ஆறு முறை சுற்றினால் ஒரு திருகு ஒரு முறை சுற்றும். திருகு அறுபது முறை சுற்றினால் ஒரு மைல். அந்தக் கருவி தந்த தூரங்களைக் கொண்டு கிளேட்டன் 1848இல் குடியேறிகளுக்கான வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டார். எங்கே தண்ணீர், எங்கே புல், அடுத்த ஆறு எத்தனை மைல் என்பது பின்னால் வந்தவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

இந்த யோசனை அப்போதே பழையது. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தம் நூலின் பத்தாம் பகுதியில், பன்னிரண்டரை அடி சுற்றளவுள்ள சக்கரம் 400 முறை சுற்றியதும் ஒரு கூழாங்கல்லை வெண்கலப் பாத்திரத்தில் விழவைக்கும் வண்டியை விவரிக்கிறார். 5,000 அடி, ஒரு ரோமானிய மைல். ஊர் போய்ச் சேர்ந்ததும் கற்களை எண்ணிக்கொள்ளலாம்.

நான் வயிற்றுப்பாட்டுக்கு மென்பொருள் ஆலோசகன். இரண்டு கணினிகள் ஒரே எண்ணை வேறு வேறாகப் புரிந்துகொள்ளும்போது என்னைக் கூப்பிடுவார்கள். அதனாலோ என்னவோ, கிளேட்டனின் 360 என்ற எண் என்னை விடவில்லை. நம் காரில் இருக்கும் ஸ்பீடோமீட்டர் சாலையைப் பார்ப்பதேயில்லை. எதையோ எண்ணுகிறது. ஒரு மைலுக்கு இத்தனை என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை நம்பி முள்ளை நகர்த்துகிறது. அந்த எண் எங்கே இருக்கிறது, அதை யார் எழுதினார்கள் என்பதுதான் இந்தக் கருவியின் வரலாறு என்று சொல்வேன்.

கார் வந்தபோது தூரத்தோடு வேகமும் தேவைப்பட்டது. ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துப் பொறியாளர் ஓட்டோ ஷூல்ட்சே 1902இல் ஜெர்மானியப் பேரரசில் காப்புரிமை பெற்ற அமைப்புதான் ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் உலகை ஆண்டது. சுழலும் கேபிளின் முனையில் ஒரு காந்தம். அதைத் தொடாமல் கவிந்தபடி ஒரு அலுமினியக் கிண்ணம். காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி அதையும் கூடவே இழுக்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று பிடித்து நிறுத்தும். இந்த இழுபறி எங்கே சமன்படுகிறதோ அங்கே முள் நிற்கும். பேட்டரி வேண்டாம், ஒயர் வேண்டாம். அமெரிக்காவில் இதே காலத்தில் விஸ்கான்சினின் பெலாய்ட் நகரில் ஆர்தர் வார்னர் என்பவர், பட்டறை இயந்திரங்களின் வெட்டும் வேகத்தை அளக்க வைத்திருந்த கருவியைக் காருக்கு மாற்றி 'ஆட்டோமீட்டர்' என்று விற்றார். (இந்த வார்னர் 1909இல் கர்ட்டிஸ் விமானம் ஒன்றை வாங்கி, தாமே பூட்டி, விஸ்கான்சின் மாநிலத்தில் முதன்முதலாகப் பறந்தவரும்கூட. அளவுமானி செய்கிறவர்கள் நிதானமான ஆட்கள் என்று நினைத்துவிடக் கூடாது.) அவருடைய நிறுவனத்தை ஸ்டீவர்ட் என்பவருடைய நிறுவனம் வாங்க, ஸ்டீவர்ட் வார்னர் என்ற பெயர் பிறந்தது. பழைய லாரி, டிராக்டர், படகு என்று அந்தப் பெயர் பதிக்காத டாஷ்போர்டு குறைவு.

இங்கேதான் ஒரு நல்ல உடன்பாடு வந்தது. மீட்டர் செய்கிறவருக்கு எந்த வண்டியின் டயர் என்ன அளவு என்று தெரிய வேண்டியதில்லை. அமெரிக்கத் தொழில் வழக்கத்தில் கேபிள் ஒரு மைலுக்கு 1,000 சுற்று என்று வைத்துக்கொண்டார்கள். நிமிடத்துக்கு 1,000 சுற்று என்றால் 60 மைல் வேகம். கேபிளை அந்த ஆயிரத்துக்குக் கொண்டுவருவது வண்டி செய்கிறவர் பொறுப்பு. கியர்பாக்ஸின் வால்பகுதியில் சிறிய பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒன்றை வைத்து அதைச் செய்தார்கள். எத்தனை பல் என்று அடையாளம் தெரிய ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். கிளேட்டனின் 360 இப்போது அந்தப் பற்களில் இருந்தது.

ஆனால் பற்களை முழு எண்ணில்தான் வெட்ட முடியும். 28 அங்குல டயர் மைலுக்குச் சுமார் 720 முறை சுற்றும். பின் ஆக்ஸிலில் கிரவுன் பினியன் விகிதம் 3.73 என்றால் கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் மைலுக்கு 2,686 முறை சுற்றும். ஷாஃப்டில் 8 பல் இருந்தால் எதிர்ச்சக்கரத்துக்கு இருபத்தொன்றரைப் பல் வேண்டும். அரைப் பல்லுக்கு எங்கே போவது? 21 வைத்தால் மீட்டர் கூட்டிக் காட்டும், 22 வைத்தால் குறைத்துக் காட்டும், இரண்டுமே நூற்றுக்கு இரண்டுக்கு மேல். தொழிற்சாலையிலிருந்து புதிதாக வந்த வண்டியிலேயே இந்தத் தவறு உண்டு. டயர் தேய்ந்து வழுக்கையாகி விட்டம் அரை அங்குலம் குறைந்தால் இன்னொரு இரண்டு.

பத்து மைல் தள்ளி வசிக்கும் நண்பர் ஒருவர் 1972ஆம் ஆண்டு செவ்ரலே பிக்கப் ஒன்றை நான்கு வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவர். வயதில் மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் மாட்டியிருப்பது 33 அங்குல டயர். பழைய மீட்டரே இருந்திருந்தால், முள் 60இல் நிற்கும்போது வண்டி உண்மையில் 70க்குச் சற்று மேலே போய்க்கொண்டிருக்கும். காவல்துறை அதிகாரியிடம் பல்சக்கரக் கணக்கை விளக்க முடியாது. எஞ்சினும் கியர்பாக்ஸும்கூட வேறொரு பிந்தைய வண்டியிலிருந்து வந்தவை. அந்தக் கியர்பாக்ஸில் கேபிள் மாட்ட இடமே கிடையாது, சென்சார்தான்.

சென்சார் செய்வது மறுபடியும் கிளேட்டன் வேலையே. ஷாஃப்டில் 40 பல் கொண்ட வளையம். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது ஒரு மின்துடிப்பு. சிவப்புத் துணிக்குப் பதில் இரும்புப் பல். எஞ்சினின் கணினி அந்தத் துடிப்புகளை வகுத்து, மைலுக்கு 4,000 என்ற கணக்கில் மீட்டருக்கு அனுப்பும். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் 4,000, ஃபோர்டில் 8,000 என்பது வழக்கம். பழைய கேபிள் இருந்த இடத்தில் பூட்டும் சென்சார்களில் சுற்றுக்கு 16 துடிப்பு தருபவை உண்டு, மைலுக்கு 16,000. கடையில் தனியாக வாங்கி மாட்டும் மின்னணு மீட்டர் இதில் எது வந்தாலும் ஏற்றுக்கொள்ளும். அதன் பின்பக்கம் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திக்கொண்டு, தூரம் தெரிந்த ஒரு சாலையில் வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். சிலவற்றுக்கு ஒரு மைல், சிலவற்றுக்கு இரண்டு. முடிவில் மறுபடி அழுத்தினால் இடையில் வந்த துடிப்புகளை எண்ணி வைத்துக்கொள்ளும்.

பலர் இதற்காக 60 மைல் வேகத்தைக் கஷ்டப்பட்டுப் பிடித்தபடி ஓட்டுவார்கள். அவசியமே இல்லை. அது எண்ணுவது துடிப்பை, நேரத்தை அல்ல. நடுவில் நிறுத்தி டீ குடித்துவிட்டுப் போனாலும் எண் மாறாது. வேகமாகப் போவதில் கெடுதலே அதிகம்: 60 மைல் வேகத்தில் வண்டி நொடிக்கு 88 அடி நகர்கிறது. மைல் பலகையைப் பார்த்து அரை நொடி தாமதமாக அழுத்தினால் 44 அடி போச்சு.

அண்ணன் ஓட்ட, நான் பொத்தானைப் பிடித்திருந்தேன். ஞாயிறு காலை, நெடுஞ்சாலைக்கு இணையாகப் போகும் பக்கச் சாலை. "அவசரப்படாதீங்க தம்பி, கல்லு எங்கயும் ஓடிப் போயிராதுங்க" என்றார். இங்கே அது கல் அல்ல, பச்சைப் பலகை. ஓடிப் போகாது என்றும் சொல்வதற்கில்லை. இடம் வாய்க்காவிட்டால் அந்தப் பலகையை 50 அடி வரை முன்னே பின்னே நட அமெரிக்கச் சாலை விதிகளே இடம் தருகின்றன. ஒரு மைலில் 50 அடி என்பது நூற்றுக்கு ஒன்று. ஆகவே ஐந்து மைல் ஓட்டி, பலகைக்குப் பலகை இருந்த துடிப்புகளைக் குறித்து, சராசரி எடுத்தோம். 3,458 வந்தது.

4,000 அல்லவா வந்திருக்க வேண்டும்? எஞ்சினை விற்றவர் கணினியில் 28 அங்குல டயர் அளவையே விட்டிருந்தார். காகிதக் கணக்குப்படி அந்தத் தவறோடு 3,394 வர வேண்டும். மிச்சம் அறுபத்துச் சொச்சம் டயரின் உபயம். வண்டியின் பாரத்தில் ரப்பர் சற்று அமுங்குவதால், விட்டத்தைக் கொண்டு போடும் கணக்கைவிட அது எப்போதும் கூடுதலாகவே சுற்றும். சாலையில் ஓட்டிப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

3,458ஐ அப்படியே மீட்டரில் ஏற்றிவிட்டால் முள் சரியாகக் காட்டும். அண்ணனும் "அப்பறமென்ன" என்றார். ஆனால் கியர் எப்போது மாற்றுவது என்று முடிவு செய்வது அந்தக் கணினி. வண்டி 60இல் போகும்போது அது 52 என்றே நினைத்துக்கொண்டிருக்கும். ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் சமன் செய்தால் முகப்பில் உண்மை தெரியும், உள்ளே எல்லாம் தவறாக ஓடும். என் தொழிலில் தினமும் பார்ப்பது இது. மடிக்கணினியை இணைத்து, சாலை சொன்ன சுற்றைக் கணினிக்குக் கொடுத்து, மறுபடி ஐந்து மைல் ஓட்டினோம். இந்த முறை 4,000க்குப் பத்து கூட வித்தியாசமில்லை.

செயற்கைக்கோளைக் கேட்டால் போதாதா என்று கேட்கலாம். 2000ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வந்த பிழையை நிறுத்தியது. அதன்பின் ஜிபிஎஸ் கொண்டு இயங்கும் மீட்டர்கள் வந்துவிட்டன, எந்த எண்ணையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஆனால் சுரங்கப்பாதையில் அவை குருடு. கியர்பாக்ஸுக்கு அப்போதும் பல்தான் கதி.

ஐரோப்பாவில் இருக்கும் வாசகர்களின் மீட்டர் எல்லாம் சற்றுக் கூட்டித்தான் காட்டும். அது பழுதல்ல, சட்டம். ஐக்கிய நாடுகளின் 39ஆம் வாகன விதிப்படி மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், பத்தில் ஒரு பங்கும் மேலே நான்கு கிலோமீட்டரும் வரை. 100இல் போகிறவருக்கு 114 என்று காட்டினாலும் குற்றமில்லை. அமெரிக்காவில் வணிக லாரிகளுக்கு 50 மைல் வேகத்தில் ஐந்து மைல் இப்படி அப்படி இருக்கலாம் என்ற அளவுதான். 1979இலிருந்து சில காலம் இங்கே புதுக் கார்களின் மீட்டரில் 85க்கு மேல் எண்ணே போடக் கூடாது என்றுகூட ஒரு விதி இருந்தது. எண்ணை மறைத்தால் வேகம் குறையும் என்று நம்பினார்கள். ரேகன் ஆட்சியின் தொடக்கத்தில் அதைக் கைவிட்டார்கள்.

வேகத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வது எனக்கு உறுத்தவில்லை, பாதுகாப்பான பக்கம் சாய்வது அது. தூரம் வேறு விஷயம், தூரம் பணம். அதே துடிப்பு எண்தான் ஓடிய மைல்களையும் கூட்டுகிறது. திருத்தாத 33 அங்குல டயரோடு ஒரு லட்சம் மைல் ஓட்டினால் மீட்டர் 85,000 என்று காட்டும். யாரும் எதையும் தொடாமலேயே வண்டி இளமையாகிவிடும். தொட்டு இளமையாக்கியவர்களும் ஏராளம், அதனால்தான் 1972இல் ஓடோமீட்டரைப் பின்னோக்கித் திருப்புவதைக் கூட்டாட்சிக் குற்றமாக்கினார்கள். மீட்டரை மாற்றும்போது பழைய எண்ணைப் புதியதில் வைக்க முடியாவிட்டால் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். பழைய எண்ணையும் மாற்றிய தேதியையும் எழுதி இடப்பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். அதுவும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. இத்தனை பழைய வண்டியை விற்கும்போது மைல் கணக்கு சொல்ல வேண்டிய கட்டாயம் கிடையாது, ஆனால் ஒட்டும் கடமைக்கு வயது விலக்கு இல்லை.

பழைய மீட்டரில் நின்றிருந்த எண் 41,873. ஐந்து இலக்க மீட்டர், ஒரு லட்சத்தில் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். அது 41 ஆயிரமா, ஒரு லட்சத்து 41 ஆயிரமா, இரண்டு லட்சமா என்று அந்த வண்டியை ஓட்டியவர்களில் உயிரோடு இருக்கும் யாருக்கும் தெரியாது. அண்ணன் சீட்டில் தேதியை எழுதினார். எண்ணை எழுதும்போது 4க்கு முன்னால் ஓர் இலக்கத்துக்கு இடம் விட்டு எழுதி, கதவைத் திறந்து ஒட்டினார்.