லயத்திலிருந்து லயத்துக்கு: ‘தாயகம் திரும்பியோர்’ என்னும் சொல் மறைப்பது

1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கை மலையகத்தில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர் 9,75,000 பேரைப் பங்கிட்டது. இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மிஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. இந்தக் கணக்கின்படி கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களுக்குத் தமிழக அரசின் கோப்புகள் வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’.

புறப்பட்ட இடத்துக்கு வருவதுதான் திரும்புதல். வந்தவர்களில் பெரும்பாலோர் பிறந்ததோ நுவரெலியா, பதுளை, கண்டிப் பக்கத்துத் தோட்டங்களில். திருச்சி, சேலம், இராமநாதபுரச் சீமைகளிலிருந்து புறப்பட்டுப் போனவர்கள் அவர்களுடைய பாட்டனும் பூட்டனும். ஆக, பாட்டன் விட்டுப்போன ஊருக்குப் பேரன் ‘திரும்பினான்’. இதை வெறும் சொற்பிழை என்று தள்ளிவிட முடியாது. இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் இதே தர்க்கத்தில்தான் நின்றது. தான் அங்கே பிறந்திருந்தால் போதாது, முன்னோர் அங்கே பிறந்ததற்கும் சான்று காட்டவேண்டும் என்றது அது. ஒரு அரசு இவர்களை வெளியே தள்ளியதற்கும் மற்றொன்று உள்ளே எடுத்ததற்கும் அளவுகோல் ஒன்றே: வம்சம். குடியிருந்த வீடு எந்தக் கணக்கிலும் வரவில்லை.

மானிடவியலாளர் வேலன்டைன் டேனியல் 1984-இல் வெளியிட்ட தம் நூலில், தமிழர் மனத்தில் ‘ஊர்’ என்பது எல்லைக்கல் நட்டு அளக்கும் நிலமன்று, பேசுகிறவரை நடுவில் வைத்து விரிந்தும் சுருங்கியும் வருவது என்று காட்டினார். ‘கிராம’த்துக்கு வரைபடம் உண்டு, ஊருக்குக் கிடையாது. இந்த வேறுபாடு அகதி ஆய்வுகளுக்குப் பெரிய திறப்புதான். ஆனால் தோட்டத் தொழிலாளர் வரலாற்றோடு அதைப் பொருத்தும்போது ஒரு இடறல் வருகிறது. ஊரின் நடுவில் நிற்கும் அந்த ‘நான்’ எங்கே படுத்துறங்குகிறது என்ற கேள்விதான் அது. மலையகத்தில் ஒரு நாள் வேலைக்கே ‘பேர்’ என்று சொல்வார்கள். பறித்த தேயிலைக் கொழுந்தின் எடை குறைந்தால் ‘அரைப்பேர்’. பேர் விழும்வரைதான் லயத்துக் காம்பரா, அதாவது தோட்டத்துக்குச் சொந்தமான வரிசைக் குடியிருப்பில் ஓர் அறை. வேலையும் கூரையும் ஒரே முடிச்சில் கட்டப்பட்ட வாழ்க்கை அது. ஆகவே இம்மக்களின் வீட்டுச் சிக்கலுக்கு வேர் குடியுரிமையைவிட லயத்தில்தான் ஆழமாக இருக்கிறது என்பதே என் வாதம்.

நீலகிரியே இதற்குச் சான்று. வந்தவர்களுக்கு வேலை தருவதற்காக 1968-இல் தமிழக அரசு வனநிலத்தில் தேயிலைத் திட்டம் தொடங்கியது. டான்டீ என்று எல்லோரும் அழைக்கும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாகப் பின்னர் அது வளர்ந்தது. கொழுந்து கிள்ளத் தெரிந்த கைகளுக்குத் தேயிலை மலை என்பது குறைசொல்ல முடியாத ஏற்பாடாகவே தோன்றும். கூடலூர், பந்தலூர், கோத்தகிரி வட்டாரங்களில் இவர்கள் குடியேறினார்கள். வாக்குரிமை வந்தது, குடும்ப அட்டை வந்தது. குடியிருப்பு மட்டும் மீண்டும் தோட்டத்தின் சொத்தாகவே இருந்தது. பணி ஓய்வு பெற்றால் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். 2022-இல் கழகத்தின் வசமிருந்த ஏறத்தாழ 2,152 எக்டேர் நிலத்தை வனத்துறைக்கே திருப்பித்தர அரசு ஆணையிட்டபோது, அரை நூற்றாண்டு இந்தியக் குடிமக்களாக வாழ்ந்தவர்கள் ‘இனி எங்கே போவது’ என்று கேட்டார்கள். கடல் கடந்தும் முடிச்சு அவிழவில்லை. (அக்கம்பக்கத்தார் வாயில் அவர்கள் இன்னும் ‘சிலோன்காரர்கள்’தான் என்பது வேறு.)

குடியுரிமையை நான் சிறுமைப்படுத்துவதாக இங்கே ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் நியாயம் உண்டு. அதே மலையக வம்சாவளியினரில் ஒரு பகுதியினர், இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 வன்முறைக்குப் பிறகு, ஒப்பந்தத்துக்கு வெளியே படகில் வந்தார்கள். அவர்கள் முகாம்வாசிகள் ஆனார்கள். 2021-இல் ‘அகதிகள் முகாம்’ என்பது ‘மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாறியது, குடியுரிமைநிலை மாறவில்லை. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் என்ற சட்ட உரிமையைக் காட்டி, 2022-இல் உயர் நீதிமன்றத்தின் வழியாகத்தான் கடவுச்சீட்டுக்கு ஆணை பெற முடிந்தது. அந்தத் தேதிக்கு முன் பிறக்காதிருந்தால் அந்த வழியும் அவருக்கு இருந்திருக்காது. முகாமில் இருப்பவருக்குக் காகிதம் உயிர்நாடி. அதை மறுப்பவர் முகாமைப் பார்க்காதவர்.

ஆயினும் இரண்டு குழுவையும் அருகருகே வைத்துப் பாருங்கள். காகிதம் பெற்றவர் கழகத்தின் லயத்தில். பெறாதவர் அரசின் முகாமில். இருவர் கையிலும் இல்லாதது ஒன்றுதான்: பட்டா. புலம்பெயர்வு ஆய்வுகள் ஏக்கத்தையும் நினைவையும் அடையாளத்தையும் பேசும் அளவுக்குப் பட்டாவைப் பேசுவதில்லை. ஏக்கம் கட்டுரைக்கு வளமான பொருள், வருவாய்த்துறை ஆவணம் வறண்ட பொருள் என்று நாமே தீர்மானித்துக்கொண்டோம் போலும்.

இலங்கையில் தங்கிவிட்ட உறவுகளின் கதையும் இங்கே வந்து சேர்கிறது. அங்கே 1988, 2003 ஆண்டுச் சட்டங்கள் நாடற்ற நிலையைத் தீர்த்தன. அதன்பிறகும் தோட்டங்களில் ஒலித்துக்கொண்டிருக்கும் கோரிக்கை, தனி வீடு கட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தக் காணி. ஒப்பந்தம் பிரித்த இரண்டு பங்கினரும், பாக்குநீரிணையின் இரு கரையிலிருந்தும், ஒருவர் கேட்பது மற்றவர் காதில் விழாமலே இன்று ஒரே விண்ணப்பத்தை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.