நானா சாகேப் எங்கே மறைந்தார்?

ஔந்தில் வாழும் தமிழன்பர்கள் அண்டை ஊரான கட்கியை அறிவார்கள். அங்கே 1817 நவம்பர் 5-ஆம் நாள் நடந்த போரில்தான் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் வீழ்ச்சி தொடங்கியது. அவருடைய தத்துப் புதல்வரே நானா சாகேப். 1857-இல் கான்பூரில் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கித் தோற்ற அவர், 1859-இல் நேபாள எல்லைக் காடுகளில் மறைந்தார்.

அவ்வாண்டே காய்ச்சலால் மாண்டார் என்று நேபாளத்திலிருந்து செய்தி வந்தது. ஆங்கில அதிகாரிகள் உடலைக் காணவில்லை. 1874-இல் குவாலியர் மன்னர் ஒருவரைப் பிடித்து ஒப்படைத்தார்; அடையாளம் உறுதிப்படவில்லை. குஜராத்தின் சிஹோரில் துறவியாக வாழ்ந்தார் என்பது, ஊர் வழக்கையும் பின்னாளில் வெளிவந்த கடிதங்களையும் சார்ந்தது.

காலத்தால் நெருங்கிய சான்று காய்ச்சற் செய்தியே. ஆயினும், தலைக்கு ஒரு லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டவரைக் காக்க விரும்பியோரும் அதையே சொல்லியிருப்பர். ஆகவே அப்பக்கம் சாயலாம்; தீர்ப்புக் கூறலாகாது.