காசமா, ஆஸ்துமாவா? ஆரோக்கியவரம் கண்ட மூன்றாவது நோய்

பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில், டேனிய மருத்துவர் கிறிஸ்டியன் ஃபிரிமோட்-மோல்லர் நிறுவிய காசநோய் மருத்துவமனை, காசநோயல்லாத ஒரு நோய்க்காகவும் நினைக்கத்தக்கது. இருமலும் மெலிவும் காய்ச்சலுமாக வரும் இளைஞனின் எக்ஸ்ரே படத்தில் புள்ளிகள் தென்பட்டால் அக்காலத்தில் காசநோய் என்றே ஐயுறுவர். இரவில் இளைப்பு மிகுந்தால் ஆஸ்துமா என்பர். (சித்த மருத்துவத்தில் இதற்குச் 'சுவாசகாசம்' என்றே பெயர்.) முதற்பெயர் பெற்றவனை ஊர் ஒதுக்கிவிடும்.

அத்தகையோருள் சிலரது சளியில் காசநோய்க் கிருமி இல்லை. குருதியிலோ இயோசினோஃபில் அணுக்கள் அளவிறந்து மிகுந்திருந்தன. ஃபிரிமோட்-மோல்லரும் பார்ட்டனும் 1940இல் 'இந்தியன் மெடிக்கல் கெஜட்' இதழில் இதனைப் போலிக் காசநோய் என எழுதினர். ஆயினும், 1943இல் வைன்கார்ட்டன் 'லான்செட்' இதழில் சூட்டிய 'வெப்பமண்டல இயோசினோஃபிலியா' என்னும் பெயரே நிலைத்தது. ஆரோக்கியவரத்தார் பங்கை நினைப்பவர் குறைவு.

காரணம் விளங்கப் பின்னும் காலம் பிடித்தது. 1960இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் நோயாளரின் நுரையீரல் திசுவில் மைக்ரோஃபைலேரியாவைக் கண்டு வெளியிட்டனர். யானைக்கால் நோய்க்குரிய அதே புழுவினம், குருதிப் பரிசோதனையில் அகப்படாமல் நுரையீரலில் சிக்கி, ஒவ்வாமையால் மூச்சை இறுக்கியிருந்தது. இன்று குருதியின் ஒரு கன மில்லிமீட்டரில் இயோசினோஃபில் 3000க்கு மேலிருந்தால் இந்நோயை ஐயுற்று, டைஎத்தில்கார்பமசைன் மாத்திரையை மூன்று வாரம் தருகின்றனர். பெரும்பாலோர்க்கு இளைப்பு தணிகிறது.