ரைட்டர் எழுதாத வார்த்தை

நம்முடைய சட்டப் போராட்டத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வக்கீல்களிலிருந்தே தொடங்குகிறார்கள். அம்பேத்கர் பாரிஸ்டர், அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கறுப்பு அங்கி போடாமல், காகிதத்தையும் பேனாவையும் மட்டும் வைத்துக்கொண்டு சட்டத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1893-இல் ‘பறையன்’ பத்திரிகையைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன் வக்கீல் அல்ல. பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர். கூலிக்காரன் வாயால் சொல்வது ஒன்று, காகிதத்தில் ஏறுவது இன்னொன்று என்பதை அந்த நாற்காலியில் இருந்தவருக்கு யாரும் பாடம் எடுத்திருக்க வேண்டியதில்லை.

வாய்க்கும் காகிதத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த இடத்தில்தான் நம் வழக்குகள் செத்திருக்கின்றன. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1976-இல் அதைத் திருத்திக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். (ஊரில் இன்றைக்கும் எந்த வன்கொடுமைப் புகாருக்கும் ‘பி.சி.ஆர். கேஸ்’ என்றுதான் பெயர். சட்டம் மாறினாலும் பேர் மாறவில்லை.) 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டு 1990 ஜனவரி 30-இல் அமலுக்கு வந்தது. அதற்கான விதிகள் வர 1995 ஆனது. ஐந்து வருஷம் விதியில்லாத சட்டம்!

அந்த விதிகள் வந்த மறுவருஷம், 1996 கோடை விடுமுறையில், பி.ஏ. வரலாறு இரண்டாமாண்டு முடித்த நான் விழுப்புரத்தில் ஒரு வழக்கறிஞரிடம் சேர்ந்தேன். ஆதிதிராவிடர் நல விடுதிப் பையன்கள் நாலு பேர் போனோம். இன்டர்ன்ஷிப் என்கிற வார்த்தையெல்லாம் அப்போ எங்களுக்குத் தெரியாது. ‘வக்கீல் சார்கிட்ட எழுதப் போறோம்’ என்றுதான் வீட்டில் சொன்னோம். பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் கிடைக்கும். விதி ஐந்தையும் ஏழையும் எங்களுக்கு மனப்பாடமாக்கி அனுப்பினார். வாய்மொழியாகச் சொல்லும் புகாரை எழுதி, சொன்னவருக்குப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கணும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தரணும். ஸ்டேஷனில் மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். விசாரிப்பவர் டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையக் கூடாது. இவ்வளவுதான் எங்கள் சட்டப் படிப்பு.

ஆனால் இதெல்லாம் சுலபம். கஷ்டம் எங்கே இருந்ததென்றால், 3(1)(10) பிரிவில். பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில், இழிவுபடுத்தும் எண்ணத்தோடு அவமதித்தால் குற்றம். அப்படியானால் என்ன சொன்னான், எந்த இடத்தில் சொன்னான், யார் கேட்டார்கள் என்று எழுதியாக வேண்டும். களையெடுத்த கூலியைக் கேட்கப்போன ஒரு அம்மாவை நிலத்துக்காரர் டீக்கடை முன்னால் வைத்துப் பேசியிருந்தார். “அசிங்கமா பேசிட்டாரு தம்பி, அவ்ளோதான் எழுதிக்க” என்றார் அந்த அம்மா.

“இல்லம்மா, அவரு சொன்னத அப்படியே சொல்லணும்.”

“எம் புள்ள வயசுடா உனக்கு. என் வாயால எப்படிச் சொல்லுவேன்?”

ரொம்ப நேரம் கழித்துச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு சொன்னார். சாதிப் பேரோடு, அதற்கு முன்னும் பின்னும் சேர்த்த வார்த்தைகளோடு எழுதினேன். திட்டினவன் ஒருதரம் சொன்னதைத் திட்டு வாங்கினவள் தன் வாயால் இன்னொருதரம் சொன்னால்தான் நீதி நகரும் என்று வைத்திருக்கிற சட்டம் இது. இந்த வேதனைக்கு எந்தப் பிரிவிலும் இடமில்லை.

காவல் நிலையத்து ரைட்டர் அந்த ஒரு பக்கத்தை ஒரே வரியாக்கினார். ‘ஆபாசமாகத் திட்டினார்’. அப்போதைய இந்திய தண்டனைச் சட்டம் 294(பி). சாதி காணாமல் போய்விட்டது. நகலைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு எஸ்.பி.க்குப் பதிவுத் தபால் போட்டோம். டி.எஸ்.பி. வந்தார், பிரிவு சேர்ந்தது. அப்புறம் சாட்சிகளில் இரண்டு பேர் அந்த நிலத்துக்காரரிடமே வேலைக்குப் போக வேண்டியிருந்தது. வழக்கு விடுதலையில் முடிந்தது. ஆனால் கூலி பாக்கி மட்டும் நடுவிலேயே வந்துசேர்ந்தது.

ஒரு வார்த்தைக்காகப் பையன்கள் இவ்வளவு அலைவதா என்று கேட்டவர்களுக்கு 2008-இல் உச்ச நீதிமன்றமே பதில் சொன்னது. கோரிகே பெண்டையா வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவர் என்றும், பொதுமக்கள் பார்வையில் வைத்து அவமதித்தார் என்றும் புகாரில் சொல்லப்படவில்லை என்று காட்டி நடவடிக்கையையே ரத்து செய்தது. இந்த இரண்டு வரியும் எங்கள் நோட்டில் முதல் பக்கத்தில் இருந்தவை. ஆந்திராவில் அந்தப் புகார் எழுதப்பட்ட அன்று பக்கத்தில் எங்களைப் போல ஒருத்தன் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

2015 திருத்தத்தில் பல விஷயங்கள் உள்ளே வந்தன. சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது தனிக் குற்றமானது. படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்குகிற அதிகாரி, தானே பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவராக இருந்தால், நாலாவது பிரிவில் தண்டனைக்குரியவர். 15ஏ பிரிவின் கடைசியில், தொண்டு நிறுவனம், சமூகப் பணியாளர், வழக்கறிஞர் ஆகியோரின் உதவியைப் பெறுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை என்று எழுதியிருக்கிறது. ‘நீ யார்ரா, வெளிய நில்லு’ என்று ஸ்டேஷன் வாசலில் எங்களை நிறுத்திவைத்தார்களே, அந்த வாசலுக்குப் பதில் சொல்ல இருபது வருஷம்.

தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2009-இல் கொண்டுவந்த சட்டத் தன்னார்வலர் திட்டத்திலும் மாணவர்களைச் சேர்க்கலாம். சட்டக் கல்லூரி மாணவர்தான் வேண்டும் என்றில்லை. ஆனால் இன்றைக்கு நான் பார்க்கிற இன்டர்ன்ஷிப் அறிவிப்புகள் ஆங்கிலத்தில் சுயவிவரம் கேட்கின்றன, ஆய்வுத் தாள் எழுதிய அனுபவம் கேட்கின்றன. சான்றிதழுக்காக ஒரு மாசம் வந்துபோகிற பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. அவர்களில் சிலர் நல்ல வக்கீலாக வருவார்கள். ஆனால் சேரியில் அந்த அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னதை அவர் பேச்சிலேயே காதில் வாங்கி, ஒரு எழுத்து குறையாமல் எழுத, அதே பேச்சில் வளர்ந்த பி.ஏ. பிள்ளைதான் வேண்டும். அந்தப் பிள்ளை படுத்திருக்கிற விடுதியின் அறிவிப்புப் பலகையில் உதவித்தொகை விண்ணப்பத்துக்கான கடைசித் தேதிதான் ஒட்டியிருக்கிறது.