கிறிஸ்தவ மனமாற்றச் சாட்சி: தாம்பரமும் தென்சென்னைப் புறநகரும்

கிறிஸ்துவின்மேல் தமக்கு நம்பிக்கை பிறந்த கதையை ஒருவர் தம் வாயாலோ எழுத்தாலோ பிறர்முன் வைப்பது மனமாற்றச் சாட்சி. சபை வழக்கில் வெறும் 'சாட்சி' என்றாலே போதும். 'இப்போ ஒரு பிரதர் சாட்சி சொல்லுவாரு' என்று பாஸ்டர் அறிவித்ததும் மைக்கைப் பிடிப்பவர் ஆட்டோ ஓட்டுநராகவும் இருக்கலாம், வங்கி அதிகாரியாகவும் இருக்கலாம். தாம்பரம், சேலையூர், பல்லாவரம், பரங்கிமலை வட்டாரத்துப் பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் ஞாயிறு ஆராதனையிலேயே இதற்கு நேரம் உண்டு. சி.எஸ்.ஐ. சபைகளில் வீட்டு ஜெபக்கூட்டத்திலும் டிசம்பர் 31 இரவு ஆராதனையிலும் சாட்சி சொல்வது வழக்கம். எழுத்தில் அது கைப்பிரதியாகவோ சபைப் பத்திரிகையின் ஒரு பக்கமாகவோ வெளிவரும். நோய் நீங்கியதற்கும் வேலை கிடைத்ததற்கும் நன்றி சொல்வதும் சாட்சிதான் என்றாலும், இங்கே பேசப்படுவது மனமாற்றக் கதை மட்டுமே.

அமைப்பு

இவ்வகைக் கதைக்கு மூல முன்மாதிரி பவுல். தமஸ்குவுக்குப் போகும் வழியில் பார்வை இழந்து கிறிஸ்துவிடம் திரும்பிய அவருடைய அனுபவம் அப்போஸ்தலர் நடபடிகளில் மூன்று முறை வருகிறது. 9-ஆம் அதிகாரத்தில் நூலாசிரியர் சொல்கிறார்; 22-லும் 26-லும் பவுலே சொல்கிறார். எருசலேமில் கொதித்து நிற்கும் சொந்த மக்களிடம் பேசும்போது, தமக்குப் பார்வை தந்த அனனியா நியாயப்பிரமாணத்தை மதித்து நடந்தவர் என்பதை எடுத்துச் சொல்கிறார். அகிரிப்பா அரசன் முன்னிலையில் அனனியாவின் பெயரே வரவில்லை. நடந்தது ஒன்றுதான், யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பொறுத்து எதைச் சொல்வது என்ற தேர்வு மாறுகிறது.

'முன்பு எப்படி இருந்தேன், எப்போது திரும்பினேன், இப்போது எப்படி இருக்கிறேன்' என்ற மூன்று பகுதிகள் அங்கிருந்து வந்தவை. சாட்சி எழுதப் பயிற்சி தரும் குழுக்கள் இன்றும் இதையே கற்றுத் தருகின்றன. மூன்று நிமிடத்துக்குள் முடிக்கவும் சொல்கின்றன. அளவு சுருங்கும்போது முதல் பகுதிக்குத்தான் சேதம் அதிகம். இருபது, முப்பது ஆண்டு வாழ்க்கை 'இருளில் இருந்தேன்' என்ற ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. அந்த வாழ்க்கையில் தாயும் தகப்பனும் இருந்தார்கள், குலதெய்வக் கோயில் பொங்கலும் இருந்தது. அவர்களில் பலர் இன்றும் அதே தெருவில் அதே நம்பிக்கையோடு வாழ்கிறார்கள். தன் பாவத்தை ஒப்புக்கொள்வது சாட்சி. தன்னை வளர்த்தவர்களின் வழிபாட்டை இழித்துச் சொல்வது சாட்சிக்குத் தேவையே இல்லாத ஒன்று. கேட்பவர் மனத்தையும் அது மூடிவிடும்.

இரும்புலியூரும் பல்லாவரம் மலையும்

மேற்குத் தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில் 'தி பெந்தெகொஸ்தல் மிஷன்' சபையின் உலகத் தலைமையகம் இருக்கிறது. இச்சபை 1924-இல் கொழும்பில் தொடங்கி, நெடுங்காலம் 'சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன்' என்று அழைக்கப்பட்டது. நிறுவியவர்களில் முதன்மையானவரான பாஸ்டர் பால், கேரளத்து இந்துக் குடும்பத்தில் ராமன்குட்டி என்ற பெயரோடு பிறந்தவர். இள வயதில் இலங்கைக்குப் போய், அங்கே கிறிஸ்தவரானார். சபையின் தொடக்கமே ஒருவரின் மனமாற்றம் என்பதால், அங்கே விசுவாசிகள் எழுந்து நின்று சாட்சி சொல்வது ஆராதனையோடு கலந்த வழக்கமாக இருப்பதில் வியப்பில்லை. வெள்ளை உடுத்தி, திருமணம் செய்யாமல் விசுவாச வீடுகளில் வாழும் ஊழியர்கள் நடத்தும் சபை இது. இரும்புலியூரில் ஆண்டுதோறும் நடக்கும் பெரிய கன்வென்ஷனுக்குப் பல நாடுகளிலிருந்து மக்கள் வருகிறார்கள்.

பல்லாவரம் மலைக்கு வேறொரு பெயரோடு தொடர்பு. பக்த் சிங் (1903–2000) பஞ்சாபின் சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர். மிஷன் பள்ளியில் கிடைத்த பைபிளைக் கிழித்துப் போட்டு, அழகாக இருந்த தோலட்டையை மட்டும் வைத்துக்கொண்டதை அவரே தம் சாட்சியில் சொல்லியிருக்கிறார். பொறியியல் படிக்க லண்டன் போனவர், 1929-இல் கனடாவின் வினிபெக்கில் நண்பர் ஒருவரிடம் கேட்டு வாங்கிய பைபிளைப் படித்து நம்பிக்கைக்கு வந்தார். 1932-இல் வான்கூவரில் ஞானஸ்நானம் பெற்று, மறு ஆண்டு இந்தியா திரும்பினார். 1941-இல் உடன் ஊழியர்களோடு பல்லாவரம் மலைமேல் ஓர் இரவு முழுவதும் ஜெபித்த பிறகே சென்னையில் 'யெகோவா ஷம்மா' சபை தொடங்கியது. அவருடைய கதை அச்சேறிப் பல மொழிகளில் பரவியது. அதன் கூர்மை அந்தக் கிழிந்த பைபிளில் இருக்கிறது: நாள், ஊர், தன் கையால் செய்த செயல் என்று தொட்டுப் பார்க்கக்கூடிய விவரங்கள்.

எழுத்து மரபும் 1938-உம்

தமிழில் இவ்வகை எழுத்துக்கு முன்னோடி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900). திருநெல்வேலி வைணவ வேளாளர் குடும்பத்தவரான அவர் 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். 'இரட்சணிய யாத்திரிகம்' பாடியவர், தாம் கிறிஸ்தவரான வரலாற்றை உரைநடையிலும் எழுதினார். கிருபாபாய் சத்தியநாதன் தம் பெற்றோரின் மனமாற்றத்தையும் அதன் விலையையும் 'சகுணா' என்ற ஆங்கில நாவலாக்கினார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதழில்தான் 1887-88-இல் அது தொடராக வந்தது.

அக்கல்லூரி 1937-இல் நகரத்திலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அங்கே அனைத்துலக மிஷனரி மன்றத்தின் மாநாடு கூடியது. சீனாவில் நடக்கவேண்டிய கூட்டம், போரால் இங்கே வந்தது. பேராளர்கள் 471 பேர். மாநாட்டுக்காகவே எழுதப்பட்ட, டச்சு மிஷனரி அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமரின் நூல், நற்செய்திக்கும் பிற சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என்றது. சென்னையில் கிறிஸ்தவச் சிந்தனையாளர்களான பி. செஞ்சையா, வி. சக்கரை முதலியோர் அதே ஆண்டு வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பு வேறு குரலில் பேசியது. சக்கரை அதே கல்லூரியில் படித்தவர், 1903-இல் ஞானஸ்நானம் பெற்றவர். பின்னாளில் தொழிற்சங்கத் தலைவர், 1941-இல் சென்னை மேயர். இன்றைய கிறிஸ்தவர் இந்து மரபைத் தம்மை வளர்த்த ஆன்மிகத் தாயாகவே பார்க்கிறார் என்பது செஞ்சையாவின் நிலை. இதை ஒரு தத்துவ விவாதமாக மட்டும் பார்க்கக் கூடாது. சாட்சியின் முதல் பகுதியை எப்படி எழுதவேண்டும் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை இன்றுவரை கிடைக்கவில்லை.

ஞானஸ்நானம் பெறாதவரின் சாட்சியும் உண்டு. அதே கல்லூரியோடு தொடர்புடைய ஓ. கந்தசுவாமி செட்டி, இயேசுவை வெளிப்படையாகப் பின்பற்றியும் ஞானஸ்நானம் பெறாமல் தம் சமூகத்துக்குள்ளேயே வாழ்ந்தார்; ஏன் என்பதைத் தனி அறிக்கையாகவே எழுதினார்.

சட்டமும் எச்சரிக்கையும்

தன் நம்பிக்கைக் கதையைச் சொல்லும் உரிமை அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவில் அடங்கும். பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு 2002-இல் கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-இல் திரும்பப் பெறப்பட்டது.

பட்டியல் சாதியில் பிறந்தவர்களுக்குச் சாட்சி எளிய காரியமில்லை. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு வழக்கில் ஞானஸ்நானத்தையும் ஆலயத்துக்குப் போவதையும் கருத்தில் கொண்டு உச்ச நீதிமன்றம் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரிக்கையை மறுத்தது. படத்தோடும் பெயரோடும் ஒரு சாட்சியை அச்சிடும் சபை, எழுதியவருக்கு இதை முதலில் எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. கூட்டத்தில் எழுப்பி நிறுத்தி 'சொல்லுங்க' என்று வற்புறுத்துவது அநியாயம். பெயரை மறைத்து எழுதுவது கோழைத்தனமும் ஆகாது.

பாதுகாப்பு

கைப்பிரதிகள் மலிவான தாளில் அச்சானவை. படித்ததும் தூக்கிப் போடப்படுபவை. சாதாரண மனிதர்கள், குறிப்பாகப் பெண்கள், தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதிய ஆவணங்கள் நம்மிடம் மிகக் குறைவு என்பதால் அவற்றின் மதிப்பு பெரிது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் தாம்பரம் கல்லூரி வளாகத்தில் மில்லர் நினைவு நூலகமும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. வீட்டுப் பரணில் பாட்டியின் சாட்சி அச்சிலோ கையெழுத்திலோ கிடந்தால், பழைய தாள்களோடு எடைக்குப் போடும் முன் அங்கே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.